பயணத்துக்கு முன் இடத்தை அறிதல்: சங்கரன்கோவில் ஓர் எடுத்துக்காட்டு

பயணத்துக்கு முன் இடத்தை அறிதல் என்பது, ஓர் ஊருக்குப் புறப்படும் முன் அதைப் பற்றிய தகவல்களைத் தேடி, சரிபார்த்து, அதற்கேற்ப நாள், நேரம், வழி, தங்குமிடம், செலவு ஆகியவற்றை முடிவு செய்வதாகும். பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவது இதில் ஒரு பகுதி மட்டுமே. பயணம் நல்லபடியாக முடிவது பெரும்பாலும் மூன்று கேள்விகளைப் பொறுத்தது. தகவலைச் சொன்னவர் அங்கே போய்வந்தவரா? எப்போது போனார்? அவர் சொன்னது நாம் போகும் நாளுக்கும் பொருந்துமா?

ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வெளியூர் போக முடிகிற குடும்பங்கள் பல உண்டு. நேர்த்திக்கடன் செலுத்துவதற்காக வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு இரவெல்லாம் பயணம் செய்து வருபவர்களும் உண்டு. கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தாலோ, திருவிழாக் கூட்டத்தில் தங்க இடம் கிடைக்காமல் போனாலோ அவர்கள் இழப்பது பணத்தை மட்டும் அன்று. மீண்டும் ஒருமுறை வர அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்காமலே போகலாம். இக்கட்டுரை தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓர் ஊரைப் பற்றி முன்கூட்டியே அறிய வேண்டியவற்றை விளக்குகிறது.

பழைய மரபு

போகும் இடத்தைப் பற்றி முன்பே கேட்டறிவது தமிழில் தொன்மையான வழக்கம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், வழியில் எதிர்ப்படும் மற்றொருவரிடம் தாம் போன வழியையும் கண்ட நாட்டையும் கொடுத்த வள்ளலையும் எடுத்துச் சொல்லி அனுப்புவது இவற்றின் அமைப்பு. திருமுருகாற்றுப்படையில் மட்டும் வள்ளலின் இடத்தில் முருகன் இருக்கிறான். இவற்றுள் மலைபடுகடாம் வழியின் அழகோடு ஆபத்துகளையும் சொல்கிறது. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்த இடத்தில் தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் வந்து விழும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்று கூத்தர்களுக்கு அது வழிகாட்டுகிறது.

ஆற்றுப்படையின் அடிப்படை, போய்வந்தவர் போகிறவருக்குச் சொல்வது என்பதே. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பெடெக்கர், இங்கிலாந்தின் ஜான் மர்ரி ஆகிய பதிப்பகங்கள் வெளியிட்ட கையேடுகளும் இதே தேவைக்காகத் தோன்றியவைதாம். இன்று தகவல் கைப்பேசியில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதை எழுதியவர் அங்கே போனாரா, மற்றொரு பக்கத்திலிருந்து எடுத்து எழுதினாரா என்பது தெரிவதில்லை. அதைக் கண்டறியும் பொறுப்பு இப்போது படிப்பவரிடம் வந்துவிட்டது.

ஊரின் அடிப்படைச் செய்திகள்

சங்கரன்கோவில் ஒரு நகராட்சி, வட்டத்தின் தலைமையிடம். இங்குள்ள சங்கரநாராயணர் கோயிலே ஊருக்குப் பெயர் தந்தது. கோயிலில் சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதியம்மன் என மூன்று சன்னிதிகள் உள்ளன. சங்கரநாராயணர் வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் அமைந்த திருவுரு. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்கள் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதிட்டனர் என்றும், இருவரும் ஒன்றே என்று காட்ட வேண்டி அம்மன் தவமிருந்தார் என்றும் தலபுராணம் கூறுகிறது. உக்கிர பாண்டியன் கட்டிய கோயில் என்பது தல வரலாறு. இங்கு வழங்கப்படும் புற்றுமண் தோல் நோய்களையும் விஷக்கடியையும் தீர்க்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

கோயிலுக்கு அப்பால், மல்லிகை முதலிய பூக்களின் சந்தை, விசைத்தறி நெசவு, ஆட்டிறைச்சிப் பிரியாணி ஆகியவற்றாலும் ஊர் அறியப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் பொதுவாக வறண்ட நிலம். இந்தச் செய்திகள் பல இடங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடைக்கும். விரைவில் மாறக்கூடியவையும் அல்ல. மாறக்கூடிய செய்திகளில்தான் பயணிகள் தடுமாறுகிறார்கள்.

பெயரும் மாவட்டமும்

தேடலில் முதலில் குழப்புவது பெயர். இவ்வூர் சங்கரன்கோவில் என்றும் சங்கரன்கோயில் என்றும் எழுதப்படுகிறது. பழைய நூல்களிலும் ஆவணங்களிலும் சங்கரநயினார்கோயில் என்று வருகிறது. ஒரே எழுத்துவடிவில் தேடினால் ஒரு பகுதித் தகவல் மட்டுமே கிடைக்கும். மாணவர்கள் கல்வெட்டு, இலக்கியம் தொடர்பாகத் தேடும்போது பழைய பெயரையும் இட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது மாவட்டம். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் செயல்படத் தொடங்கியது. சங்கரன்கோவில் இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் இணையத்தில் பல பக்கங்கள் இன்னமும் திருநெல்வேலி மாவட்டம் என்றே குறிப்பிடுகின்றன. இது சிறிய பிழையாகத் தோன்றலாம். ஆனால் மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை, போக்குவரத்து மாற்றம், மழை எச்சரிக்கை எல்லாம் மாவட்டவாரியாகவே வெளியாகின்றன. திருநெல்வேலிக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குப் புறப்படுவது பயன் தராது. மேலும், ஒரு பக்கம் பழைய மாவட்டப் பெயரைக் கொண்டிருந்தால், அதிலுள்ள நடை திறப்பு நேரம், பேருந்து, விடுதிக் கட்டணம் போன்றவையும் 2019-க்கு முற்பட்டவையாக இருக்கக்கூடும் என்று ஐயப்படலாம். தகவலின் வயதைக் கணிக்க இது எளிய வழி.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதும் உண்டு. தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களாகச் சங்கரன்கோவில் (மண்), கரிவலம்வந்தநல்லூர் (நெருப்பு), தாருகாபுரம் (நீர்), தென்மலை (காற்று), தேவதானம் (ஆகாயம்) ஆகிய ஐந்தையும் சொல்வர். இந்தத் தென்மலை, தென்காசி மாவட்டத்தில் சிவகிரிக்கு அருகே உள்ளது. கைப்பேசி வரைபடத்தில் இப்பெயரை இட்டால், கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் அணைக்கும் சூழல் சுற்றுலாவுக்கும் பெயர்பெற்ற தென்மலையும் வந்து நிற்கும். அது செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிச் செல்லும் பாதையில் உள்ளது. ஐந்து தலங்களையும் ஒரே நாளில் பார்க்க வாடகைக் கார் எடுப்பவர்கள், அருகிலுள்ள பெரிய ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடினால் இந்தக் குழப்பம் வராது. தேவதானம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நாள்

சங்கரன்கோவிலின் பெருவிழா ஆடித்தபசு. அம்மன் தவமிருந்து சங்கரநாராயணரின் காட்சி பெற்ற நாளாக ஆடி மாத உத்திராட நட்சத்திரத்தில் இது நடைபெறுகிறது. கொடியேறிய நாள் முதல் கோயிலைப் பலமுறை வலம் வரும் ஆடிச்சுற்று தொடங்கும். தபசு நாளில் உழவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல் போன்றவற்றை அம்மனின் சப்பரத்தை நோக்கி வீசிக் காணிக்கையாக்குவர். மாலையில் சங்கரநாராயணராகவும், இரவில் சங்கரலிங்கராகவும் இறைவன் காட்சி தருவார். விழாவின் நோக்கமே இக்காட்சிகள்தாம் என்பதால், காலையில் வந்து பிற்பகலில் திரும்ப நினைப்பவர் முக்கிய நிகழ்வைத் தவறவிடுவார்.

விழா நட்சத்திரத்தை ஒட்டி வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். 2024-இல் ஜூலை 21 அன்றும், 2025-இல் ஆகஸ்ட் 7 அன்றும் ஆடித்தபசு வந்தது. சென்ற ஆண்டின் தேதியை வைத்து இந்த ஆண்டுக்குப் பயணச்சீட்டு எடுத்தால் இரண்டு மூன்று வாரங்கள் தவறிப்போகலாம். அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதும், கோயில் நிர்வாகம் வெளியிடும் விழா அழைப்பிதழோடு ஒப்பிடுவதும் பாதுகாப்பான வழி.

விழாவுக்காக வருபவர் தங்குமிடத்தை வெகு முன்னதாகவே உறுதி செய்ய வேண்டும். ஊருக்குள் வாகனங்கள் திருப்பிவிடப்படும் என்பதால் நடக்க வேண்டிய தூரமும் கூடும். கோயிலை நிதானமாகப் பார்க்க விரும்புபவரும், நெடுநேரம் நிற்க முடியாத முதியவரை அழைத்து வருபவரும் அந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது. இரு சாராருக்கும் ஒரே தேதி உதவாது. தம் பயணத்தின் நோக்கம் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொண்ட பிறகே தேதியைத் தேட வேண்டும்.

நேரம்

தமிழ்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணி வாக்கில் மீண்டும் திறப்பவை. சங்கரன்கோவிலும் அப்படியே. உள்ளூர்க்காரருக்கு இது சொல்லாமலே தெரியும். அதனாலேயே அவர்கள் எழுதும் குறிப்புகளில் பல சமயம் இது விடுபட்டுப் போகிறது. வெளிநாட்டில் வளர்ந்த தமிழரோ வேறு மாநிலத்தவரோ பகல் 1 மணிக்கு வந்து சேர்ந்தால் மூன்று மணி நேரம் வெளியே காத்திருக்க நேரிடும். சரியான மணிக் கணக்கை இந்து சமய அறநிலையத் துறையின் இணையதளத்திலோ கோயில் அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்ளலாம்.

இந்த இடைவெளியை முன்பே அறிந்தவர் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் சுமார் பாதித் தூரத்தில் கழுகுமலை உள்ளது. பாண்டியர் காலத்தில், கி.பி. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து உருவாக்கப்பட்டு, முற்றுப்பெறாமல் நிற்கும் வெட்டுவான் கோயிலும், சமணத் திருவுருவங்களும் அங்கு இருக்கின்றன. பாறை மீது வெயில் ஏறும் நேரத்தில் மலையேறுவது கடினம். எனவே காலையில் கழுகுமலை, நடை திறந்தபின் மாலையில் சங்கரன்கோவில் என்ற வரிசை ஒத்துவரும். மறுவரிசையில் திட்டமிட்டால் நண்பகல் வெயிலில் பாறை ஏற வேண்டியிருக்கும். பார்க்கும் இடங்கள் மாறவில்லை. வரிசை மாறியதால் அலைச்சல் குறைகிறது.

கோயிலுக்குள் கைப்பேசி பற்றியும் அறிந்திருக்க வேண்டும். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. அதற்கு முன் எடுக்கப்பட்ட படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு, தாமும் அப்படியே எடுக்கலாம் என்று எண்ணக்கூடாது. நுழைவுச்சீட்டு, பயணச்சீட்டு, வழி ஆகிய எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே வைத்திருப்பவர், குடும்பத்தினர் சந்திக்க வேண்டிய இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்வது உதவும்.

வழி

விருதுநகர் - தென்காசி - செங்கோட்டை ரயில் பாதையில் சங்கரன்கோவில் நிலையம் உள்ளது. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு ரயில் காலையில் இங்கு வந்து சேரும். திருநெல்வேலி பெரிய சந்திப்பு என்பதால் பலர் அங்கே இறங்கத் திட்டமிடுகிறார்கள். ஆனால் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு நேர் ரயில் பாதை இல்லை. தென்காசி சுற்றித்தான் வர வேண்டும். சாலை வழி சுமார் 55 கி.மீ.; பேருந்தே எளிது. பொதிகையில் இடம் கிடைக்காதவர்கள் கோவில்பட்டியில் இறங்கி, கழுகுமலை வழியாகப் பேருந்தில் வருவதையும் யோசிக்கலாம்.

முன்பதிவு விதிகளும் மாறுபவை. 120 நாட்களாக இருந்த ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. நான்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம் என்று கூறும் குறிப்புகள் அதற்கு முன் எழுதப்பட்டவை. ஆடித்தபசு நாள் தெரிந்தவுடன் அதிலிருந்து 60 நாட்களைப் பின்னோக்கி எண்ணி, முன்பதிவு தொடங்கும் நாளைக் குறித்துக்கொள்வது பயன் தரும்.

வானிலையும் அருவியும்

சங்கரன்கோவிலுக்கு வருபவர்கள் பலர் அப்படியே குற்றாலத்துக்கும் போய்வர நினைக்கிறார்கள். தூரம் குறைவு என்றாலும் இரு இடங்களின் வானிலை வேறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் விழும்போது சங்கரன்கோவிலில் வெயிலும் காற்றுமாக இருக்கும். ஒன்றின் வானிலையை வைத்து மற்றொன்றைக் கணிக்க முடியாது.

அருவியைப் பொறுத்தவரை இது உயிர் தொடர்பான செய்தி. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வழக்கமான சாரல் காலம் அப்போது தொடங்கியிருக்கவில்லை. அருவியின் நீர் மலைமேல் பெய்யும் மழையிலிருந்து வருகிறது. கீழே குளிப்பவர்களுக்கு மழைத்துளி கூடப் படாத நேரத்திலும் மேலே பெய்த மழை நிமிடங்களில் வெள்ளமாக இறங்கக்கூடும். எனவே சீசன் எப்போது என்று தெரிந்துகொள்வது மட்டும் போதாது. புறப்படும் நாளன்று இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்காசி மாவட்டத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்வதைத்தான் அத்துறை கனமழை என்கிறது. அருவியில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தால், நெடுந்தூரம் வந்துவிட்டோம் என்பதற்காக அதை மீறக்கூடாது. தடை இருந்தால் அன்று வேறு எங்கே போவது என்பதையும் முன்பே யோசித்து வைத்திருந்தால், மீறும் எண்ணமே எழாது.

நம்பிக்கையும் வரலாறும்

ஓர் ஊரைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவல், 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் கப்பம் கட்ட மறுத்துப் போரிட்ட பூலித்தேவரின் ஊர். அங்கு அரசு அமைத்த நினைவு மாளிகை இருக்கிறது. 1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த படையை அவர் எதிர்கொண்டது வரலாற்றுச் செய்தி. சிறைப்பட்ட பூலித்தேவர் சங்கரன்கோவிலில் வழிபட அனுமதி கேட்டு உள்ளே சென்று, அங்கேயே சோதியில் மறைந்தார் என்பது மக்கள் வழக்கு. கோயிலில் அவர் பெயரால் ஓர் அறையும் காட்டப்படுகிறது.

பயணி இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். வழக்காறு தெரியாதவருக்கு, அந்த அறையின் முன் மக்கள் ஏன் நின்று வணங்குகிறார்கள் என்பது புரியாது. வழக்காற்றை ஆவணச் செய்தியாக எடுத்து எழுதும் மாணவரின் கட்டுரையோ பிழைபட்டதாகும். 'தல வரலாறு கூறுகிறது', 'மக்கள் நம்புகிறார்கள்', 'ஆவணங்களில் உள்ளது' என்று பிரித்து எழுதும் பக்கங்கள் நம்பத் தகுந்தவை. மூன்றையும் கலந்து எழுதுபவற்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புற்றுமண் பற்றிய நம்பிக்கைக்கும் இது பொருந்தும். வழிபாட்டு மரபாக அதை மதித்து ஏற்கலாம்; பாம்பு கடித்தால் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை.

தகவலைச் சரிபார்க்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு முறையைத் தொகுக்கலாம்.

1. பயணத்தின் நோக்கத்தை முதலில் முடிவு செய்தல். வழிபாடு, விழா, வரலாற்று ஆய்வு, ஓய்வு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்ற நாள் வேறு.

2. ஊர்ப்பெயரின் எல்லா எழுத்துவடிவங்களிலும், பழைய பெயரிலும் தேடுதல். மாவட்டத்தை உறுதி செய்தல்.

3. தகவல்களை மாறாதவை, ஆண்டுதோறும் மாறுபவை, நாள்தோறும் மாறுபவை என்று பிரித்தல். கோயிலின் அமைப்பை நூலில் படிக்கலாம். விழாத் தேதியை அவ்வாண்டுப் பஞ்சாங்கத்திலும் அழைப்பிதழிலும் பார்க்க வேண்டும். மழை எச்சரிக்கையைப் புறப்படும் நாள் காலையில் பார்க்க வேண்டும்.

4. ஒவ்வொரு பக்கமும் எழுதப்பட்ட ஆண்டைக் கவனித்தல். ஆண்டு இல்லையெனில், உள்ளிருக்கும் மாவட்டப் பெயர், முன்பதிவு விதி போன்றவற்றைக் கொண்டு கணித்தல்.

5. முக்கியமான ஒரு செய்தியையேனும் உள்ளூரில் கேட்டு உறுதி செய்தல். கோயில் அலுவலகத்தையோ தங்கும் விடுதியையோ தொலைபேசியில் அழைத்து, 'நாங்கள் வரும் நாளில் ஏதேனும் விசேஷம் உண்டா, நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள்?' என்று கேட்டால், பல பக்கங்களைப் படித்தும் தெரியாதது தெரிந்துவிடும்.

6. முதல் திட்டம் நடக்காவிட்டால் என்ன செய்வது என்று முன்பே எழுதி வைத்தல்.

திரும்பி வந்தபின்

பயணத்தை முடித்தவர், தாம் போன தேதியைக் குறிப்பிட்டு, நடை திறந்த நேரம், பேருந்து கிடைத்த இடம், முதியவர்கள் ஏற வேண்டியிருந்த படிகள், குடிநீர், கழிப்பறை வசதி ஆகியவற்றை நான்கு வரியில் எழுதிப் பகிர்ந்தால் அது அடுத்தவருக்குப் பெரிய உதவி. கோபுரத்தின் உயரம் எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறது. சக்கர நாற்காலியை எந்த வாசல் வழியாகக் கொண்டுபோக முடிந்தது என்பது அங்கே போய்வந்தவருக்கு மட்டுமே தெரியும். ஆற்றுப்படை பாடிய காலத்திலிருந்து இன்றுவரை, அடுத்து வருபவர் எதிர்பார்ப்பது அத்தகைய செய்தியைத்தான்.